மூன்று படி தவிடு

அந்த அறைக்குள் நடந்ததை நான் பார்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அம்மா. என் அக்கா பூங்கொடி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் பாதியை அழுதுகொண்டும் மீதியை மூக்கைச் சிந்திக்கொண்டும் சொன்னாள். ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கலாம். நான் நாமக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். கண்ணால் பார்க்காததைப் பார்த்ததாக எழுதக் கூடாது என்பதுதான் அங்கே முதலில் சொல்லிக்கொடுத்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் பேசும்போதும் அந்தப் பழக்கம் விடமாட்டேன் என்கிறது.

"ஏங்கண்ணு, மொகம் இப்படிச் செவந்து கெடக்குது, வெயில்ல வந்தியா?" என்று கேட்டீர்களே. வெயில் இல்லை அம்மா. கோபம். ஒரு வாரமாக இதே கோபம். சங்ககிரியில் ஒருவரைப் பார்த்துவிட்டு வருகிறேன். நாமக்கல் போய்ச் சேர்வதற்குள் சொல்லி முடித்துவிடுவேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்துவிடுங்கள். காற்றுச் சத்தத்தில் நான் கத்த வேண்டியிருக்கிறது. நான் கத்தினால் சண்டை போடுகிற மாதிரியே இருக்கும்.

நான் அக்கா வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். அக்காவுக்கு ஒரே பெண். கனிஷ்கா. எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பள்ளிக்கூடத்துப் போன் என்றால் அக்கா பேசமாட்டாள். "என் தங்கச்சி டிகிரி படிச்சிருக்குதுங்க மிஸ், அதுகிட்டப் பேசுங்க" என்று என் நம்பரைக் கொடுத்துவிடுவாள். எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். அதனால் ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, மாமாவின் லாரி இன்ஷூரன்ஸ், கடைசியில் கனிஷ்காவின் பள்ளிக்கூடம், எல்லாம் என் தலையில்தான்.

போனேன். கிளாஸ் மிஸ் மேசைமேல் ஒரு பென்சில் டப்பாவை வைத்துத் திறந்து காட்டினார். மேல் தட்டு, கீழ்த் தட்டு இரண்டிலும் தவிடு. மாட்டுக்குப் போடுகிற தவிடு. அழுத்தி அழுத்தி நிரப்பியிருந்தாள். பென்சிலையெல்லாம் சாக்ஸுக்குள் சொருகிக்கொண்டிருக்கிறாள்.

"இது முதல் நாள் பிடிச்சது" என்றார் மிஸ். "அப்புறம் பையோட அடியில. அப்புறம் வாட்டர் பாட்டில்ல. நேத்து ரெயின்கோட் பாக்கெட்ல. வண்டு கிளம்பி மத்த பிள்ளைங்க நோட்டு மேலெல்லாம் ஓடுது. பேரன்ட்ஸ் எல்லாம் என்னைக் கேக்கறாங்க. எதுக்குடான்னா வாயே திறக்க மாட்டேங்குறா."

எங்கிருந்து எடுக்கிறாள் என்று பார்த்தால், ஸ்கூல் வேன் நிற்கிற இடத்தில் மாட்டுத்தீவனக் கடை. வாசலில் மூட்டையின் வாயைப் பிரித்து வைத்திருப்பார்கள். வேன் வருகிறவரை இவள் மூட்டைக்குப் பின்னால் நின்று அள்ளியிருக்கிறாள். கடைக்கார அண்ணன் கையும் களவுமாகப் பிடித்து, "ஏம்பாப்பா, உங்க வூட்ல எருமை கட்டியிருக்குதா?" என்று கேட்டாராம். அதிலிருந்து வேனில் வருகிற பிள்ளைகள் எல்லாம் இவளை எருமை என்றுதான் கூப்பிடுகின்றன.

மிஸ் கடைசியாகச் சொன்னார்: "ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்டக் காட்டிட்டு வாங்க. இல்லேன்னா அடுத்த வருஷம் இங்க கஷ்டம்." சொன்ன விதத்தைக் கேளுங்கள். காய்ச்சல் என்றால் "பாவம்" என்பார்கள். இதற்கு மட்டும் "கஷ்டம்".

பள்ளிக்கூடம் மட்டும் என்றால் வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளலாம். வீட்டிலும் அவள் ஒரு மாதிரிதான் இருந்தாள். காலிங் பெல் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். சாப்பாட்டில் பாதியை வைத்துவிடுவாள். இன்னொரு வாய் என்றால், "போதும்மா, உங்களுக்குச் செலவு" என்பாள். எட்டு வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா அது? அக்கா தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய் நின்றுகொள்வாள்.

சைக்காலஜிஸ்ட் என்று நான் சொன்னதும் மாமா குதித்தார். செல்வராசு மாமா, அக்கா வீட்டுக்காரர். லாரி டிரைவர்.

"என்ற புள்ளைக்கு என்ன பைத்தியமா? ஊருல ஒருத்தன் பொண்ணு கட்டுவானா நாளைக்கு?"

"அவளுக்கு எட்டு வயசு மாமா."

"எட்டு இருவதாவறதுக்கு எத்தனை நாளாவும்? உனக்குப் பாக்கற மாப்பிள்ளைக்கே நாங்க பதில் சொல்ல முடியல. நீ படிச்சது போதும், என்ற புள்ளையப் படிக்காத."

ஒரு வாரம் சண்டை. கடைசியில் வந்தார். எப்படி வந்தார் தெரியுமா? தெருவெல்லாம் "பாப்பாவுக்குக் கண்ணு காட்டப் போறோம், சேலத்துக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதற்குப் பொய்? நான் பொய் சொல்லமாட்டேன் அம்மா. பரீட்சையில் தேறவில்லை என்றால் தேறவில்லை என்பேன். வந்த மாப்பிள்ளை ஒருவர் சம்பளம் எவ்வளவு என்று கேட்டபோது உள்ளதைச் சொன்னேன், அவர் திரும்ப வரவில்லை, போகட்டும். கனிஷ்காவுக்கும் அது தெரியும். ஊசி போட்டால் வலிக்குமா என்று கேட்டால் எல்லாரும் "எறும்பு கடிச்ச மாதிரி" என்பார்கள். நான் வலிக்கும் என்பேன். அதனால்தான் எதுவென்றாலும் என்னிடம் வந்து கேட்பாள்.

சேலத்தில் ஒரு கிளினிக். நஸ்ரின் மேடம் என்று பெயர். டாக்டர் இல்லை, உளவியல் ஆலோசகர். மாமா கடைசிவரை "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிட்டார், நான் இரண்டு முறை திருத்தினேன். அறையில் சின்ன நாற்காலி, பொம்மைகள், பிளாஸ்டிக் அடுப்பு, ஒரு விளையாட்டுத் தராசு. நாங்கள் மூவரும் கனிஷ்காவோடு உள்ளே போனோம்.

மேடம் அவளைப் பார்த்து, "உன் பேரு என்னடா?" என்றார்.

"கனிஷ்கா மேடம். மூணாவது படிக்கிறா" என்றேன்.

"உனக்கு யாரு ஃபிரெண்டு?"

"முன்னாடி தன்யஸ்ரீன்னு ஒருத்தி மேடம். இந்தத் தவிட்டு விஷயத்துக்கப்புறம் அவ பேசறதில்லை."

"ஸ்கூல் புடிக்குமா?"

"கணக்கு நல்லா வரும் மேடம். தமிழ்ல மட்டும்..."

மேடம் என்னைப் பார்த்துச் சிரித்து, "நீங்க சித்திதானே? கொஞ்சம் வெளிய உக்காருங்களேன்" என்றார்.

என்னை அம்மா! பள்ளிக்கூடத்துக்குப் போனது நான். நெட்டில் தேடி கிளினிக்கைக் கண்டுபிடித்தது நான். போன் பண்ணி நேரம் வாங்கியது, மாமாவோடு ஒரு வாரம் தொண்டை வறளச் சண்டை போட்டது, எல்லாம் நான். என்ன நடந்தது என்று தேதிவாரியாகச் சொல்லத் தெரிந்த ஒரே ஆளும் நான்தான். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, போனில் பேசக்கூடப் பயப்படுகிற அக்காவை உள்ளே வைத்துக்கொண்டார். பின்னாடியே மாமாவையும் அனுப்பிவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சில் எதிரெதிர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"உன்னையே வெளிய தள்ளிட்டாங்களே படிச்சவளே" என்றார் மாமா. கொஞ்ச நேரம் கழித்து, "டீ குடிக்கறியா?" என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் போய் இரண்டு வாங்கிவந்தார். குடித்தேன். கோபத்தோடுதான் குடித்தேன்.

இனிமேல் அக்கா சொன்னது.

மேடம் கேள்வியே கேட்கவில்லையாம். தரையில் உட்கார்ந்து தராசை எடுத்து ஒரு தட்டில் பொம்மைத் தக்காளி வைத்து விளையாடினாராம். கனிஷ்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாளாம். ரொம்ப நேரம் இரண்டு பேரும் தக்காளி, கத்தரிக்காய் என்று வைத்துவைத்து எடுத்தார்களாம். அப்புறம் மேடம் தராசைப் பார்த்துக்கொண்டே, "தவிடு எவ்வளவு சேக்கணும்டா உனக்கு?" என்று கேட்டாராம்.

பாருங்கள், நாங்கள் எல்லாரும் எதுக்கு, எதுக்கு என்று கேட்டு மண்டையை உடைத்தோம். மிஸ் கேட்டார், மாமா கையை ஓங்கிக் கேட்டார். எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. கேட்ட உடனே சொல்லிவிட்டாளாம்.

"மூணு படி."

"இப்ப எவ்வளவு ஆச்சு?"

"தெரியலை. மிஸ் புடுங்கிப் புடுங்கிக் கொட்டிடறாங்க."

"மூணு படி ஆனா என்ன பண்ணுவே?"

"சவரியம்மாகிட்டக் குடுத்துடுவேன். அப்பறம் அவங்க என்னையக் கூட்டிட்டுப் போக முடியாது."

அக்காவுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

உங்கள் பக்கம் இந்தப் பழக்கம் உண்டா அம்மா? உண்டா? அப்படியானால் உங்களுக்கு விளக்க வேண்டாம், ஆனாலும் சொல்கிறேன். அக்காவுக்கு இதற்கு முன்னால் இரண்டு பிள்ளை தங்கவில்லை. ஒன்று பிறந்ததும், ஒன்று நாற்பது நாளில். மூன்றாவதாகக் கனிஷ்கா பிறந்ததும் மாமா, லாரி டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் கிளம்பாத ஆள், வேறு என்ன செய்வார்? பிள்ளையைத் தவிட்டுக்கு விற்று வாங்கிவிட்டார். பக்கத்து வீட்டுச் சவரியம்மா தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வது, அப்புறம் இவர்கள் அந்தத் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வது. வேறு வீட்டுப் பிள்ளை என்று நினைத்துச் சாவு தாண்டிப் போய்விடுமாம். நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு, ஹாஸ்டலில் இருந்தேன். இருந்திருந்தால் நடக்க விட்டிருக்கமாட்டேன்.

அதிலிருந்து வீட்டில் அது ஒரு கேலி. மாமா ஒவ்வொரு முறை லோடு இறக்கிவிட்டு வரும்போதும், "எங்கடா என்ற மூணு படித் தவிட்டுச் சீமாட்டி?" என்பார். அவள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள். நன்றாகச் சிரிப்பாள். அவளுக்கு அது செல்லப் பேச்சு, அவ்வளவுதான்.

சவரியம்மா இப்போது சங்ககிரியில் மகனோடு இருக்கிறார். இந்தப் பொங்கலுக்கு எல்லாரையும் பார்க்க வந்தவர் கனிஷ்காவின் கன்னத்தைப் பிடித்து, "என்ற புள்ள எம்புட்டு வளந்துட்டா! லீவு விட்டதும் நான் கூட்டிட்டுப் போயிருவேன், பூங்கொடி. நான் வாங்குன புள்ள" என்றார். அக்கா, "கூட்டிட்டுப் போங்க, சோறு மிச்சம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் கனிஷ்கா என்னிடம் வந்தாள். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். "சித்தி, என்னைய நெஜமாவே வித்தாங்களா, இல்ல வெளாட்டுக்கா?" என்று கேட்டாள்.

நான் என்ன சொல்ல வேண்டும் என்கிறீர்கள்? பொய்யா? நிஜம்தான் என்றேன். மூன்று படி தவிட்டுக்கு உன்னைச் சவரியம்மாவுக்கு விற்றார்கள், இது மூடநம்பிக்கை, நீ படித்துப் பெரியவளாகி இதையெல்லாம் நம்பக் கூடாது என்று தெளிவாக, அவளுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னேன். துணியைக்கூடக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். அவள் இறங்கிப் போனாள். இவ்வளவுதான் நடந்தது.

மேடம் எங்களை மறுபடி உள்ளே கூப்பிட்டார். கனிஷ்காவை வெளியே மீன் தொட்டி பார்க்க அனுப்பிவிட்டு, என்னிடம் கேட்டார்:

"திரும்ப வாங்கிட்டாங்கன்னு சொன்னீங்களா?"

"அவ அதைக் கேக்கலை மேடம். வித்தாங்களான்னுதான் கேட்டா."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நன்றாகச் சுத்தமாகத்தான் இருந்தது அந்தக் கண்ணாடி.

"அதை மத்தவங்க சொன்னா அவ நம்ப மாட்டேங்குறா" என்றார். "அப்பா எப்பவும் விளையாட்டுக்குத்தான் சொல்வாரு, அம்மா அழுகை நிக்கணும்னு சொல்வாங்க, சித்தி மட்டும் பொய் சொல்ல மாட்டாங்கன்னு சொல்றா."

அதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இருந்ததை இல்லை என்று எதற்குச் சொல்ல வேண்டும்?

ஆனால் மேடம் அடுத்துச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. சவரியம்மாவை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், கனிஷ்கா முன்னாடி அந்தத் தவிட்டைக் கொடுங்கள், "இனி இவ உங்க புள்ள" என்று அவர் வாயால் சொல்லட்டும் என்கிறார்! இதற்கா அம்மா நான் சேலம் வரை கூட்டிக்கொண்டு போனேன்? இதற்கா மாமாவிடம் பேச்சு வாங்கினேன்? எந்தக் கிறுக்கை ஒழிக்க வேண்டும் என்று போனேனோ, அதையே படியில் அளந்து கொடு என்கிறார், சுவரில் பட்டத்தை மாட்டிவைத்திருக்கிற ஆள்.

"இது மூடநம்பிக்கை மேடம்" என்றேன்.

"ஆமா. ஆனா ரெண்டு மாசமா கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கறது நீங்க இல்லையே" என்றார்.

மாமா குனிந்துகொண்டு சிரித்தார். அவர் மனுஷனே இல்லை என்று அப்போது நினைத்தேன். நிமிர்ந்தபோது பார்த்தால் சிரிக்கவில்லை.

"டாக்டரம்மா, நாலு மூட்டை வேணும்னாலும் எறக்கறேனுங்க" என்றார்.

"மூட்டை வேண்டாம் சார். அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு முதல்ல அந்தம்மாகிட்டக் கேட்டுட்டு வரட்டும். சித்தியே போய்க் கேக்கட்டும். சித்தியே வந்து அவகிட்டச் சொல்லட்டும். நடந்ததை மட்டும்."

வீட்டுக்கு வந்து இறங்கினால் எதிர்வீட்டு அக்கா வாசலிலேயே நிற்கிறார். "என்ன கனி, கண்ணாடி போடச் சொன்னாங்களா?" கனிஷ்கா என்னைத்தான் பார்த்தாள். நான் உள்ளதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து நகத்தால் அழுத்தினாள். இங்கே பாருங்கள், தழும்பு இன்னும் போகவில்லை. வாயை மூடிக்கொண்டேன். பொய் சொல்லவில்லை, சும்மா இருந்தேன். இரண்டும் வேறு.

அன்றிலிருந்து எல்லாருக்கும் என்மேல் ஒரு பார்வை. யாரும் நேராக எதுவும் சொல்வதில்லை. அக்கா எனக்குச் சோறு போடும்போது கரண்டிச் சத்தம் அதிகமாகக் கேட்கிறது. விற்றது அவர்கள். எட்டு வருடமாகக் கேலி செய்தது மாமா. கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று பயமுறுத்தியது சவரியம்மா. அதற்குச் சிரித்தது அக்கா. கேட்டதற்குப் பதில் சொன்னவள்மேல் பழி. இது என்ன நியாயம் அம்மா? நீங்கள் என்ன, ஜன்னலைப் பார்க்கிறீர்கள்?

சரி, மிச்சத்தையும் கேளுங்கள். இன்று காலையில் கிளம்பும்போது கனிஷ்கா வாசல் வரை வந்தாள். "சித்தி, மூணு படி இல்லேன்னாலும் விடுவாங்களான்னு கேட்டுட்டு வர்றீங்களா?" என்றாள். கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. தெரியாததை நான் எப்படிச் சொல்ல முடியும்?

சங்ககிரியில் சவரியம்மா ஆட்டுப் பட்டியில் இருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவே இல்லை. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு, "நான் சும்மா ஆசைக்குச் சொன்னேன் சாமி, அந்தச் சிட்டு அதை மனசுல வெச்சுக்கிட்டுத் திரிஞ்சுதா" என்று அழுதார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்றார். எனக்கு அழுகை வேண்டாம், விவரம்தான் வேண்டும். எட்டு வருடத்துக்கு முன்னால் அன்றைக்கு என்ன நடந்தது, ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றேன். மூன்று படியையும் மாமா அன்றே திருப்பிக் கொடுத்தாரா என்று கேட்டேன்.

"மூணு படியா?" என்றார் சவரியம்மா. "எந்தக் கூறுகெட்டவன் சொன்னான்?"

"மாமா எப்பவும் அப்படித்தானே சொல்வாரு. லாரிக்காரரு, லோடு கணக்கு தெரிஞ்சவரு."

"அவன் வாய்க்கு வந்ததைச் சொல்லுவான். என்கிட்ட அன்னைக்கு ஆட்டுக்கே தவுடு இல்ல. மொறத்துல ஒட்டிக் கெடந்ததை வழிச்சு அவன் துண்டுல போட்டேன். புள்ளையத் தூக்கிட்டு வேப்ப மரத்தைத் தாண்டறதுக்குள்ள வீல்னு கத்துச்சு. உன்ற மாமன் பின்னாடியே ஓடியாந்து, அதே தவுட்ட என்ற கையில கொட்டிட்டுப் புள்ளையப் புடுங்கிட்டான். எங்க, நான் ஒரு முத்தங்கூடக் குடுக்கல."

"எவ்வளவு இருக்கும்?"

சவரியம்மா கையை நீட்டி விரல்களை மடக்கிக் காட்டினார். ஒரு கைப்பிடி. வயதான கை அம்மா, சின்னக் கைதான். லேபில் ஒரு முறை பார்த்ததை வைத்து நாங்கள் எழுதுவதில்லை. பட்டிக்குள்ளேயே தவிட்டு மூட்டை இருந்தது. அன்றைக்கு இருந்த அளவை அள்ளிக் காட்டுங்கள் என்றேன். அள்ளினார். என் கைக்குட்டையில் வாங்கி, முடிந்து, என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.

அன்று மிஸ் என்னிடம் திறந்து காட்டிய பென்சில் டப்பாவில் அதைவிட அதிகமாகவே இருந்தது.